மலைப்பள்ளத்துத் தண்ணீரைக் கல்லடிப் பூச்சிகளை வைத்துச் சோதிப்பது: ஒரு பருவத்தை இழந்த பிறகு எழுதுவது

ஆய்வகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் 'வரம்புக்குள் உள்ளது' என்று அச்சடித்த தாளை வாங்கி வருவது எவ்வளவு நோகும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளம், அதாவது ஓடை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கிற காலத்தில் காலையில் இறங்கிப் பார்த்தால் கல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று பஞ்சு படிந்திருக்கும், புளித்த வாடை அடிக்கும். கீழே குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தாளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். காரணம் எளிது. பறித்த பழத்தை வைத்திருந்தால் புளித்துவிடும் என்பதால் அன்றைக்கே தோலுரிப்பார்கள். அப்படியென்றால் தோலுரிக்கும் இயந்திரமான பல்பர் ஓடுவது சாயங்காலமும் இரவும். சர்க்கரையும் பழப்பசையும் கலந்த கழிவுநீர் இறங்குவதும் அப்போதுதான். மலைச்சரிவில் தண்ணீர் நிற்காது, விடிவதற்குள் வடிந்துவிடும். பகல் 11 மணிக்குப் பாட்டிலில் பிடிப்பது வேறு தண்ணீர். போதாக்குறைக்கு, கல்லில் மோதி நுரைத்து ஓடும்போது காற்று கலந்துகொண்டே இருப்பதால் கரைந்த ஆக்சிஜன் அளவும் பகலில் நன்றாகவே காட்டும். ஒரு தடவை பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற அளவுகள்), அமிலத்தன்மை, கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் கிருமி) என்று எல்லாம் பார்க்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அந்தப் பணம் அத்தனையும் தப்பான நேரத்துத் தண்ணீருக்குப் போனது.

கல்லுக்கு அடியில் இருக்கிற பூச்சிகள் ஓடிப்போவதில்லை. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை என்பவை வளர்ந்ததும் பறக்கும் சிறு பூச்சிகள்; இவற்றின் குஞ்சுகள் தண்ணீருக்குள் வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஒரே கல்லோட்டத்தில், அதாவது கற்கள்மேல் சலசலத்து ஓடும் இடத்தில் கிடக்கும். இரவில் ஆக்சிஜன் குறைந்தால் அதைத் தாங்காதவை செத்துப்போகும் அல்லது அடித்துக்கொண்டு போய்விடும். தாங்குபவை மட்டும் மிஞ்சிப் பெருகும். அதனால் பகலில் போய்ப் பார்த்தாலும் இரவில் நடந்தது அங்கே பதிவாகியிருக்கும். இதைச் சொல்லித்தர பக்கத்தில் யாரும் கிடைக்கவில்லை. பூச்சிகளை அடையாளம் காட்டும் படங்கள் எல்லாம் இங்கிலாந்து, அமெரிக்க ஓடைகளுடையவை. அவற்றை மட்டும் நம்பி இறங்கினால் ஒரு பருவம் போய்விடும், போனது. அடுத்தவருக்கு அப்படி ஆக வேண்டாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. வால்பாறை மேட்டுநிலத்தைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம். எஸ்டேட் நிலத்துக்குள் ஓடுகிற பள்ளம் என்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். காட்டுக்குள் என்றால் பூச்சியே ஆனாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் நொய்யலின் தலைப்பள்ளங்களுக்கும் இதே கதைதான். மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்ததிலேயே கோடை முடிந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வேலையைத் தொடங்குவதற்குக் குறைந்தது அரை வருடம் முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள். எந்த இடம், எந்த மாதம், எத்தனை மாதிரி, உயிரோடு திரும்ப விடுவீர்களா, போத்தலில் எடுத்துப்போவீர்களா என்பதை மனுவிலேயே எழுதிவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். யானை நடமாடும் பகுதி. ஆற்றுச் சத்தத்தில் பின்னால் வருவது காதில் விழாது. ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மாலை 4 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

அடுத்தது பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தச் சரிவில் வெள்ளம் கல்லையே உருட்டும். வெள்ளம் வடிந்த கையோடு வலையைப் போட்டால் சுத்தமான பள்ளத்திலும் ஒன்றுமே கிடைக்காது, மாசு என்று தப்பாக முடிவு வரும். பூச்சிகள் மேலேயிருந்து மிதந்து வந்தும், பறந்து வந்து முட்டையிட்டும் மறுபடி குடியேற மூன்று, நான்கு வாரமாவது விட வேண்டும். காபிக் கழிவுக்கு என்று பார்க்கிறவர்கள் பறிப்புக்கு முன்னால் ஒன்று, பறிப்பு மும்முரமாக நடக்கும் ஜனவரியில் ஒன்று, எல்லாம் முடிந்து ஏப்ரலில் ஒன்று என மூன்று மாதிரி எடுக்க வேண்டும். முதல் மாதிரிதான் கஷ்டம். வடகிழக்கு மழை நவம்பர் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும், பறிப்போ டிசம்பரில் தொடங்கிவிடும். நடுவில் கிடைக்கிற வெயில் நாட்களை விட்டுவிட்டால் அந்த வருடத்துக்கு 'கெடுவதற்கு முன் எப்படி இருந்தது' என்று சொல்ல ஆதாரமே இருக்காது. அது இல்லாமல் போனதுதான் பெரிய வேதனை. மற்ற இரண்டு மாதிரிகளையும் வைத்துக்கொண்டு யாரிடமும் ஒன்றும் பேச முடியவில்லை.

இடம் தேர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குறைந்தது இரண்டு இடம் வேண்டும். இரண்டும் எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும்: முழங்காலுக்குக் கீழே ஆழம், சலசலத்து ஓடும் ஓட்டம், ஒரே அளவு கற்கள், ஒரே மாதிரி மர நிழல். மேலே சோலை நிழலும் கீழே பட்டவெயிலுமாக இருந்தால், வித்தியாசம் வெயிலால் வந்ததா கழிவால் வந்ததா என்று பிரிக்க முடியாது. நிழலில் சருகு தின்பவை அதிகம் இருக்கும், வெயிலில் கல்மேல் பாசி சுரண்டித் தின்பவை அதிகம். தடுப்பணைக்குக் கீழே எடுக்கவே கூடாது. தேங்கிய தண்ணீரில் வளர்ந்த நுண்பாசி அங்கே வழிந்து வருவதால் வலை பின்னி வடிகட்டித் தின்னும் கேடிஸ்ஃப்ளையும் கருப்பு ஈப்புழுவும் மொய்த்துக் கிடக்கும். பாலம், துணி துவைக்கும் துறை, மாடு இறங்கும் இடம் இவற்றிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, மேல்பக்கம் போங்கள். தண்ணீர் ஆழமாக நிற்கும் கசத்தில் எடுத்ததையும் கல்லோட்டத்தில் எடுத்ததையும் ஒப்பிடுவது எந்தக் காலத்திலும் செல்லாது.

வலை விஷயத்தில் கொங்குக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. உலகம் முழுக்க வழக்கத்தில் இருப்பது 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கண். ஆய்வுக்கருவி விற்பவர்கள் சொல்லும் விலை மலைக்க வைக்கும். கொசுவலைத் துணியில் தைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்வார்கள். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். சின்ன மேஃப்ளைக் குஞ்சுகளும் கொசு மாதிரி ஒரு பூச்சியின் குஞ்சான மெல்லிய கைரோனோமிட் புழுக்களும் அப்படியே நழுவிவிடும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு விற்கிற பாலியஸ்டர் மெஷ்ஷில் கொரகொரப்பான ரகம் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் நம்பரை நம்பாமல், துணிக்கடைகளில் இழை எண்ணுகிற கவுண்டிங் கிளாஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணிப் பாருங்கள். 35 பக்கம் வந்தால் அரை மில்லிமீட்டர் கண் என்று வைத்துக்கொள்ளலாம். அதே கிளாஸ் பிறகு பூச்சியின் கால்நகம் பார்க்கவும் உதவும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கூட ஒன்று இருந்தால் போதும், நுண்ணோக்கி வேண்டியதில்லை. துணியை 30 செ.மீ. அகலமுள்ள தட்டையான இரும்புச் சட்டத்தில், அரை மீட்டர் ஆழமுள்ள பையாகத் தைக்க வேண்டும். பை ஆழமில்லாவிட்டால் உள்ளே போனது எதிரலையில் வெளியே வந்துவிடும். சட்டத்தின் அடிப்பக்கம் கல்லில் உரசி முதலில் கிழியும் என்பதால் அங்கே ரெக்சின் வைத்துத் தைத்துவிடுங்கள்.

எடுக்கும் முறை இது. கீழேயிருந்து மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் நம் கால் கலக்கிய சேறு மாதிரியில் விழும். வலையைத் தரையோடு தரையாக, வாய் ஓட்டத்தைப் பார்த்திருக்கும்படி ஊன்றுங்கள். வலைக்கு முன்னால் 30 செ.மீ. சதுரத்துக்குள் இருக்கிற பெரிய கல் ஒவ்வொன்றையும் வலையின் வாயருகே தண்ணீருக்குள்ளேயே கையால் தடவித் தேய்க்க வேண்டும். பிறகு அடியிலிருக்கும் சரளையை விரல் ஆழத்துக்குக் குதிகாலால் கிளற வேண்டும். ஒரு இடத்துக்கு ஒரு நிமிடம், ஒரே கல்லோட்டத்தில் கரையோரம், நடு, மறுகரை என மூன்று இடம், மொத்தம் மூன்று நிமிடம். மேல் இடத்தில் மூன்று நிமிடம் என்றால் கீழ் இடத்திலும் மூன்றுதான், ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நீட்டக் கூடாது. முடிந்ததும் தேய்த்த கற்களை எடுத்த இடத்திலேயே, முன்பு அடியில் இருந்த பக்கமே கீழே இருக்கும்படி வையுங்கள். வழியில் போகிறவர்கள் "அதென்னங்க, கல்லைப் புரட்டிப் புரட்டி என்னத்தைத் தேடுறீங்க?" என்று கேட்பார்கள். நின்று காட்டுங்கள். பல்பர் எத்தனை மணிக்கு ஓடும், எந்தக் குழாய் எங்கே திறக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அந்தத் தகவல் எந்தக் கருவியிலும் கிடைக்காது.

கரையிலேயே வெள்ளை எனாமல் தட்டில் ஒரு அங்குலம் பள்ளத்துத் தண்ணீர் ஊற்றி வலையை உதறிக் கொட்டி இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். சருகு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும். மென்மையான ஓவிய பிரஷ், பிளாஸ்டிக் கரண்டி, சொட்டுக்குழாய் இவை போதும், இடுக்கி கால்களை ஒடித்துவிடும். ஐஸ் கட்டித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் பிரித்துப் போடுங்கள். ஸ்டோன்ஃப்ளையையும் தட்டான் குஞ்சையும் உடனே தனியே எடுத்துவிட வேண்டும். இரண்டும் வேட்டையாடுபவை, பக்கத்தில் இருக்கிற மேஃப்ளையை நாம் எண்ணுவதற்குள் தின்றுவிடும். தட்டை வெயிலில் வைத்தால் கால் மணி நேரத்தில் நல்ல தண்ணீர்ப் பூச்சிகள்தான் முதலில் சாகும்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம் என்று போத்தலில் போட்டு வைப்பதில்தான் அந்தப் பருவத்து மாதிரிகள் அழிந்தன. சுத்த எத்தனாலுக்குத் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும், தனி ஆளுக்குக் கடையில் தர மாட்டார்கள். கிடைத்தது 70 சதவீத ஸ்பிரிட். ஈரச் சருகோடு பூச்சியைப் போட்டதும் அந்த ஈரமும் பூச்சியின் உடம்பிலிருக்கும் தண்ணீரும் கலந்து 50 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. சில வாரத்தில் எல்லாம் கூழாகிவிட்டது, திறந்தால் நாற்றம். இப்போது சொல்வது: கூடுமானவரை உயிரோடு கரையிலேயே பிரித்து, படம் எடுத்து, எண்ணி, அதே இடத்தில் விட்டுவிடுங்கள். சந்தேகமானதை மட்டும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், ஒரு பங்கு பூச்சிக்கு மூன்று பங்கு திரவமாக ஊற்றி, மறுநாளே அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பூச்சி கொஞ்சம் விறைத்துப்போகும், ஆனால் குடும்பம் கண்டுபிடிக்கத் தடையில்லை. இடம், தேதி எழுதிய துண்டுத்தாளைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

அடையாளம் காண்பதில் வாலை எண்ணுவதை மட்டும் நம்பாதீர்கள். மூன்று வால் என்றால் மேஃப்ளை, இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃப்ளை என்றுதான் எல்லாப் படத்திலும் இருக்கும். நம் மலைகளில் இரண்டே வாலுள்ள மேஃப்ளைகளும் இருக்கின்றன, தவிர எடுக்கும்போதே வால் ஒடிந்துவிடும். நகத்தைப் பாருங்கள்: காலுக்கு ஒரு நகம் மேஃப்ளை, இரண்டு நகம் ஸ்டோன்ஃப்ளை. செவுளைப் பாருங்கள்: மேஃப்ளைக்கு வயிற்றின் இரு ஓரத்திலும் இலை மாதிரி ஆடும், ஸ்டோன்ஃப்ளைக்குக் கால் முளைக்கும் இடத்தில் குஞ்சமாக இருக்கும். மணலாலும் சருகாலும் கூடு கட்டிக்கொண்டு நகர்வது கேடிஸ்ஃப்ளை. காலிக் கூட்டையும் உரித்த தோலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. கல்லோடு கல்லாக வட்டமாக ஒட்டிக்கிடக்கும் செம்பு நிறத் தகடு, வண்டு ஒன்றின் குஞ்சு. பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு தலையில் விசிறியோடு ஆடுபவை கருப்பு ஈப்புழு. சிவப்பாக நெளிவது கைரோனோமிட் ரத்தப்புழு, அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். நல்ல தண்ணீரிலும் நாலைந்து இருக்கும். அது மட்டுமே இருந்தால்தான் விபரீதம். தண்ணீர்மேல் சறுக்கும் பூச்சியும் கொசுப்புழுவும் மேலே வந்து காற்றை உறிஞ்சுபவை, கரைந்த ஆக்சிஜனைப் பற்றி அவற்றிடமிருந்து ஒன்றும் தெரியாது.

ஐரோப்பிய அடையாளப் படங்களில் ஸ்டோன்ஃப்ளைக்கே ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். தென்னிந்திய மலைகளில் பெரும்பாலும் பெர்லிடே குடும்பம் ஒன்றுதான் கிடைக்கும். அதனால் ஸ்டோன்ஃப்ளை வகை குறைவு என்பதை மாசு என்று எழுதிவிடக் கூடாது, இது நிலத்தின் இயல்பு.

மதிப்பெண் கணக்குக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. என்பது பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரம் பார்க்கும் முறை. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும், மாசைத் தாங்காததற்கு அதிகமாக, 1 முதல் 10 வரை மதிப்பெண். எத்தனை பூச்சி என்பது கணக்கில்லை, குடும்பம் இருந்தால் மதிப்பெண் உண்டு. கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மேல் இடத்தில் மேஃப்ளைக் குடும்பங்களான ஹெப்டஜெனிடே 10, லெப்டோபிளெபிடே 10, ஸ்டோன்ஃப்ளையில் பெர்லிடே 10, கேடிஸ்ஃப்ளையில் லெப்டோசெரிடே 10, தட்டானில் கோம்ஃபிடே 8, மறுபடி கேடிஸ்ஃப்ளையில் ஃபிலோபொட்டாமிடே 8, ஹைட்ரோசைக்கிடே 5, கருப்பு ஈயின் சிமுலிடே 5, மேஃப்ளையில் பீட்டிடே 4, கைரோனோமிடே 2 என்று கிடைத்தால் கூட்டல் 72, வகுத்தால் 7.2. கீழ் இடத்தில் ஹைட்ரோசைக்கிடே 5, சிமுலிடே 5, பீட்டிடே 4, லிம்னேயிடே நத்தை 3, அட்டை 3, கைரோனோமிடே 2, மண்புழு இனம் 1 என்றால் 23, வகுத்தால் 3.3. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதோடு பன்முகக் குறியீடு ஒன்றையும் சேர்த்து ஏ முதல் இ வரை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. அதற்குத் தட்டில் கோடு கிழித்து, கோட்டு வரிசையில் ஒவ்வொரு பூச்சியாக எடுத்து, முன்னதிலிருந்து வேறுபட்டால் ஒரு 'மாற்றம்' என்று குறிக்க வேண்டும். மாற்றங்களை மொத்தப் பூச்சிகளால் வகுத்தால் குறியீடு. 120 பூச்சியில் 30 மாற்றம் என்றால் 0.25. மதிப்பெண் 3.3 மட்டும் இருந்தால் சி-யா டி-யா என்று சொல்ல முடியாது, இரண்டின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. 0.25 சேர்ந்ததும் அது டி, கடும் மாசு. கண்ணுக்குப் பிடித்ததை எடுத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், அதற்காகத்தான் கோடு. செம்புத்தகடு வண்டுக்குஞ்சுக்குப் பிரிட்டிஷ் பட்டியலில் மதிப்பெண்ணே கிடையாது. விட்டுவிடாமல் தனியே குறித்து வையுங்கள், நம் மலைகளில் அது முக்கியமான பிராணி.

எண்ணை விட, எது காணாமல் போனது என்பது அதிகம் சொல்லும். ரத்தப்புழுவும் மண்புழு இனமும் பெருகி, சாம்பல் பஞ்சும் இருந்தால் சாக்கடை அல்லது காபிக் கழிவு மாதிரி அழுகும் பொருள். தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது, நத்தையும் மண்புழு இனமும் சுகமாக இருக்கின்றன, மேஃப்ளை மட்டும் திடீரென்று ஒன்றுகூட இல்லை என்றால் மேலே தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரியுங்கள். பைரித்ராய்டு வகை மிக மிகக் குறைந்த அளவிலேயே பூச்சிக் குஞ்சுகளைக் கொல்லும். கற்களின் இடுக்கெல்லாம் செம்மண் அடைத்து, எல்லா வகையும் சேர்ந்தே குறைந்திருந்தால் சாலை வெட்டியதா என்று பாருங்கள். இவை மூன்றும் வேறு வேறு புகார். ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் அதிகாரிகள் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்கள். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டோன்ஃப்ளை நிறைந்த பள்ளத்தின் தண்ணீரும் குடிக்கத் தகுந்தது என்று அர்த்தமில்லை. மலக்கிருமி இந்தப் பூச்சிகளை ஒன்றும் செய்யாது. அதற்குக் கோலிஃபார்ம் சோதனைதான்.

புகார் மனுவோடு கொடுக்கும்போது மேல் இடத்துத் தட்டையும் கீழ் இடத்துத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம், இரண்டு பட்டியல், தேதி, இடத்தின் ஜி.பி.எஸ். எண், பறிப்புக்கு முன்பும் பின்பும் எடுத்தவை என்று இணையுங்கள். குடும்பப் பெயர் சந்தேகமென்றால் கோவையில் விலங்கியல் துறை உள்ள கல்லூரி எதிலாவது கேட்டு உறுதி செய்யுங்கள், பேராசிரியர் கையெழுத்திட்ட பட்டியலை ஒதுக்குவது எளிதல்ல. தண்ணீர் மாதிரியையும் விட்டுவிட வேண்டாம். பல்பர் ஓடுகிற இரவில், ஊர்க்காரர் இருவரைச் சாட்சியாக வைத்து எடுத்து, ஐஸில் வைத்து மறுநாள் காலை முதல் வேலையாக ஆய்வகத்தில் சேருங்கள். நாம் எடுத்தது சட்டப்படி செல்லும் மாதிரி ஆகாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆட்கள்தான் எடுக்க வேண்டும். ஆனால் எந்த இரவில், எத்தனை மணிக்கு, எந்தக் குழாயடியில் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு எழுத்தில் சொல்லப் பூச்சிப் பட்டியலும் இந்த இரவுத் தண்ணீரின் முடிவும் போதும்.